143ஆவது ஆளுக்குத் தெரியாத மழை

“அண்ணா, இங்க கொட்டித் தீர்க்குது. உங்க மேப்புல குஞ்சப்பனை ஜீரோன்னு காட்டுது. வண்டியை எடுக்கட்டா, வேண்டாமா?”

ஒரு நவம்பர் 25ஆம் தேதி, விடிகாலை 5.40. பேசியவர் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பியிருந்த ஓட்டுநர். போர்வைக்குள் இருந்தபடியே, நீலகிரி மலையில் ஊர் ஊராக மழைக் கணக்கு காட்டும் எங்கள் வலைப்பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தேன். கோத்தகிரி 0. அரவேணு 0. கீழ்க்கோத்தகிரி 0. பதினான்கு இடத்திலும் 0. தலைக்கு மேல் தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது.

“எடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். காரணம் கண்டுபிடிக்க பத்து நிமிடம் ஆனது. நாங்கள் பயன்படுத்திய கிளவுட் தரவுத்தளத்தின் அன்றைய இலவச ஒதுக்கீடு தீர்ந்திருந்தது. மீண்டும் நிரம்புவது அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவில். நமக்கு அது மதியம் 1.30.

இலவசத் திட்டங்களும் விலைப்பட்டியல்களும் எங்கள் சின்ன மழைப் பக்கத்தை எப்படியெல்லாம் வளைத்தன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மென்பொருள் தொழிலில் இல்லை. ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். இரவு 9 மணிக்கு மேல் கோட் எழுதுவது என் பழக்கம். சிலருக்குக் கேரம் போர்டு, எனக்கு இது.

பக்கம் எப்படி வந்தது

நீலகிரியில் மழை என்றால் ஒரே மழை இல்லை. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பதிவானது. கோத்தகிரி, குன்னூர் இருக்கும் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு இங்கே நவம்பர் இரவுகளில் முழுசாகத் தூங்குபவர்கள் குறைவு.

போனில் வரும் வானிலைக் கணிப்பு நமக்கு அதிகம் உதவாது. உலக அளவிலான கணிப்பு மாதிரிகள் பூமியைப் பல கிலோமீட்டர் அகலச் சதுரங்களாக வெட்டித்தான் கணக்குப் போடுகின்றன. சுமார் 1,800 மீட்டர் உயரத்துக் கோத்தகிரியும் 300 மீட்டர் சொச்சத்தில் இருக்கும் மேட்டுப்பாளையமும் சாலை வழியில் 33 கி.மீ. தள்ளி இருக்கின்றன. நடுவில் இருக்கும் ஒவ்வொரு மடிப்பும் தனி உலகம். கட்டபெட்டில் வெயில் அடிக்கும்போது நெடுகுளாவில் குடை பிடிப்பார்கள். மனிதர் அளந்து சொல்வதற்கு மாற்று இல்லை.

அளப்பவர்கள் இங்கே எப்போதும் உண்டு. எஸ்டேட்டுகளில் மழைப் புத்தகம் எழுதும் பழக்கம் பழையது. காலை 8.30க்கு மழைமானியைப் பார்த்து, முந்தைய 24 மணி நேரக் கணக்கை எழுத வேண்டும். இந்திய வானிலைத் துறையின் கணக்கும் அதே நேரம்தான். 2020 ஊரடங்கில் வீட்டில் சும்மா இருந்தபோது, தெரிந்த ஏழெட்டுப் பேர் தங்கள் கணக்கை வாட்ஸாப்பில் போட ஆரம்பித்தார்கள். நான் அதை கூகுள் ஷீட்டில் ஏற்றினேன். அடுத்த ஆண்டு அதற்கு ஒரு வலைப்பக்கம் செய்தேன். ஆட்கள் 14 ஆனார்கள்: கோடநாடு, சோலூர்மட்டம், கூக்கல்தொரை, கேத்தி, பர்லியார் என்று.

எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர், அதாவது எழுத்தர். நாற்பது வருட மழைப் புத்தகம் வைத்திருக்கிறார். அவர் மில்லிமீட்டருக்கு வர மாட்டார். அங்குலமும் சென்டும்தான். ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். “ரெண்டு நாப்பது” என்றால் 2 அங்குலம் 40 சென்ட், அதாவது 61 மி.மீ. ஒருமுறை அவர் 115 என்று அனுப்பினார். 1 அங்குலம் 15 சென்ட், வெறும் 29 மி.மீ. மழை. என் கோட் அதை 115 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு அவருடைய ஊருக்குச் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டது. அன்று எனக்கு வந்த போன்களில் பாதி அவருடைய சொந்தக்காரர்களிடமிருந்து.

எது எது இலவசம்

காசு போடாமல் கட்டியது என்பதால், ஒவ்வொரு செங்கல்லையும் விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் எடுத்தேன். அந்தத் தேர்வுகளே பக்கத்தின் வடிவத்தைத் தீர்மானித்தன.

முதலில் வரைபடம். கூகுள் மேப்ஸை ஒரு பக்கத்தில் பொருத்த ஒரு காலத்தில் கார்டே வேண்டாம். நாளுக்கு 25,000 முறை வரை இலவசம். 2018 ஜூலையில் அது மாறியது. மாதம் 200 டாலர் சலுகை கொடுத்தார்கள். அது ஏறத்தாழ 28,000 முறை வரைபடம் திறக்கப் போதும். ஆனால் கார்டு கொடுத்துக் கணக்குத் திறந்தால்தான் அந்தச் சலுகையும். நாளுக்கு என்று இருந்தது மாதத்துக்கு என்று சுருங்கியது. 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு மட்டும் விலையை நன்றாகக் குறைத்தார்கள், 2025 மார்ச்சில் 200 டாலர் முறையையே எடுத்துவிட்டு ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச எல்லை வைத்தார்கள். ஏழு வருடத்தில் மூன்று தடவை விதி மாறியிருக்கிறது. கம்பெனி வைத்திருப்பவர் இதை உட்கார்ந்து படிக்க ஆள் போடுவார். நான் இலைக் கணக்கை முடித்துவிட்டு வந்து படிக்க வேண்டும்.

அதனால் ஆர்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம், அதைப் பக்கத்தில் காட்ட லீஃப்லெட் என்ற இலவசக் கருவி. இரண்டுக்கும் கார்டு கேட்பவர் யாருமில்லை. ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சர்வர்கள் நன்கொடையில் ஓடுபவை, இஷ்டத்துக்கு இழுக்காதீர்கள் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இலவசத்தில் இரண்டு ஜாதி இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்று கோயில் அன்னதானம். இன்னொன்று கடை வாசலில் தட்டில் வைத்து நீட்டும் ஒரு துண்டு அல்வா. சாப்பிடுகிறவருக்கு ருசி ஒன்றுதான், ஆனால் எதை நம்பி வீட்டில் உலை வைக்காமல் இருக்கலாம் என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

அடுத்தது எச்சரிக்கை அனுப்புவது. எஸ்எம்எஸ் போகாத ஹட்டி (படுகர் ஊர்) கிடையாது, அதனால் முதல் ஆசை எஸ்எம்எஸ். ஆனால் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி அனுப்புபவர் ஒரு நிறுவனமாகப் பதிவு செய்து, தலைப்பையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். ஸ்பாம் தொல்லையைத் தடுக்க வந்த விதி, நியாயம்தான். மழை அளக்கும் பதினான்கு பேர் நிறுவனம் இல்லை. டெலிகிராம் பாட் இலவசம், ஆனால் எங்கள் ஓட்டுநர்கள் டெலிகிராமில் படம் இறக்குவதோடு சரி. வாட்ஸாப்பின் வணிகச் சேவைக்குக் காசு. கடைசியில் நானே தினமும் காலை வாட்ஸாப் குழுவில் கையால் ஒட்டுகிறேன். நான்கு ஆண்டாக இந்த அமைப்பின் மிக நம்பகமான பாகம் என் கட்டைவிரல்தான்.

தரவுத்தளம் மட்டும் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தினுடையது. தினம் 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து இலவசம். நாளுக்கு 14 பதிவு எழுதும் எனக்கு அது கடல் மாதிரி தெரிந்தது.

அந்தக் காலை

கடல் எப்படி வற்றியது என்பதற்குக் கணக்கு எளிது. பக்கத்தை யார் திறந்தாலும் அந்த மாதத்தின் எல்லாப் பதிவையும் இழுத்து வரைபடமும் கோட்டுப்படமும் போடும்படி எழுதியிருந்தேன். 25 நாள், 14 இடம்: 350 பதிவு. ஒருவர் ஒருமுறை திறந்தால் 350 வாசிப்பு. சாதாரண நாளில் 40 பேர் பார்ப்பார்கள், 14,000 ஆகும், பிரச்சினை இல்லை. 50,000ஐ 350ஆல் வகுத்தால் 142 சொச்சம். 143ஆவது ஆள் திறக்கும்போது கதவு பூட்டியிருக்கும்.

முந்தின நாள் மாலையே மழை பிடித்துவிட்டது. யாரோ இணைப்பை ஓட்டுநர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் போட்டிருக்கிறார்கள். அந்த மாதிரி இரவுகளில் எங்கள் ஆட்கள் 9 மணிக்கும், முடிந்தால் விடிகாலை 5 மணிக்கும் இடைக்கணக்கு அனுப்புவார்கள். அவர்கள் டார்ச்சும் குடையுமாக வெளியே போய் அளந்து, ஒழுங்காக அனுப்பியிருந்தார்கள். எழுதுவதற்கான ஒதுக்கீடு தனி, அது அப்படியே இருந்தது. எல்லாக் கணக்கும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, ஒருவராலும் வெளியே எடுக்க முடியவில்லை.

அதைவிட மோசம் அந்த 0. அது முழுக்க என் தப்பு. தரவு வராவிட்டால் என்ன காட்டுவது என்று யோசிக்காமல், வராத இடத்தில் 0 போடும்படி எழுதியிருந்தேன். மழையே இல்லை என்பதும் மழை எவ்வளவு என்று தெரியாது என்பதும் என் கோடுக்கு ஒன்று. இலவச எல்லை தீரும்போது என்ன ஆகும் என்று ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. தீரும் என்று நினைக்காதபோது எதைச் சோதிப்பது?

அந்த ஓட்டுநருக்கு என் நம்பர் தெரிந்திருந்தது. நம்பர் தெரியாதவர்கள் எத்தனை பேர் 0 என்று நம்பிக் கிளம்பினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அன்று சாலையில் மரம் விழுந்ததே தவிர ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மதியம் 1.30க்குப் பக்கம் தானாக உயிர் பெற்றது. மழை அதற்கு முன்பே விட்டிருந்தது.

பிறகு பதிவேட்டைப் பார்த்தேன். அன்று மொத்தம் 1,900 தடவை பக்கத்தைத் திறக்க முயன்றிருக்கிறார்கள். எல்லோருக்கும் காட்டியிருந்தால் 6,65,000 வாசிப்பு. இலவசம் போக 6,15,000. கார்டு கொடுத்த திட்டத்தில் அப்போது லட்சம் வாசிப்புக்கு 6 அமெரிக்க சென்ட். மொத்தம் 37 சென்ட், நம் காசில் 30 ரூபாய். இரண்டு டீ, ஒரு வர்க்கி. அந்த 30 ரூபாய்க்காகத்தான் பதினான்கு இடத்திலும் 0 விழுந்தது.

திருத்தம் அடுத்த ஞாயிறே முடிந்தது. புதுக் கணக்கு வரும்போதெல்லாம் மாதம் முழுவதையும் ஒரே சுருக்கப் பதிவாகக் கட்டி வைத்துவிட்டேன். இப்போது ஒருவர் திறந்தால் 350 வாசிப்பு கிடையாது, ஒன்றுதான். அதே இலவசத்தில் 50,000 தடவை பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகையே 7.35 லட்சம்தான், போதும். தரவு வராத இடத்தில் “கணக்கு வரவில்லை” என்று சாம்பல் நிறத்தில் காட்டும்.

இலவச எல்லை இல்லாவிட்டால் இந்தத் திருத்தத்தை நான் செய்திருக்கவே மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாதம் 30 ரூபாய் போகிறது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நெருக்கடியான சமையலறையில்தான் பாத்திரம் ஒழுங்காக அடுக்கியிருக்கும்.

ஆனால் தினசரி ஒதுக்கீடு என்ற எண்ணமே மலைக்கு ஒத்துவரவில்லை. வருடத்தில் 300 நாள் அதில் பாதிகூட நாங்கள் தொடுவதில்லை. மிச்சத்தைச் சேர்த்து வைத்து நவம்பரில் செலவழிக்கவும் வழியில்லை. ரேஷன் கடையில் போன மாதச் சர்க்கரையைக் கேட்டால் என்ன சொல்வார்களோ அதேதான். மழை அப்படித் தினம் இத்தனை என்று பெய்வதில்லை.

தூங்கும் தரவுத்தளம்

அடுத்த ஆண்டு என் அக்கா மகன் சேர்ந்துகொண்டான். கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறான். “மாமா, இந்த டேட்டாபேஸே தப்பு. முறையான எஸ்க்யூஎல்லுக்குப் போயிடலாம்” என்று இரண்டு வார லீவில் எல்லாவற்றையும் வேறொரு சேவைக்கு மாற்றினான். மாணவர் சலுகையில் அவனுக்குப் பல கருவிகள் சும்மா கிடைக்கும், அதனால் அவன் கைக்கு எதுவும் இலகுவாக வரும். வேலை சுத்தமாக இருந்தது, சும்மா சொல்லக் கூடாது.

ஜனவரி கடைசியில் பக்கம் செத்துப்போனது. இந்த முறை மழையால் இல்லை, மழை இல்லாததால். உறைபனிக் காலம். பகலில் வானம் கழுவிவிட்டது மாதிரி இருக்கும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி, ஆனால் மூன்று நாள் அனுப்புவார்கள், நான்காவது நாள் “இல்லாததை எதுக்குப்பா எழுதணும்” என்று விட்டுவிடுவார்கள். பார்ப்பவர்களும் இல்லை. ஏழு நாள் யாரும் தொடாத இலவசத் திட்டத்தைத் தூங்க வைத்துவிடுவோம் என்று அந்தச் சேவையின் விதியில் இருந்தது. தூங்க வைத்துவிட்டார்கள். மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறார்கள், மருமகனின் கல்லூரி முகவரிக்கு.

எழுப்பினான். அப்புறம் மறுபடி தூங்காமலிருக்க ஒரு தந்திரம் செய்தான். கோட் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் இலவசமாக ஓடும் ஒரு சின்ன நிரல், இரண்டு நாளுக்கு ஒருமுறை தரவுத்தளத்தைத் தட்டிவிட்டுப் போகும். குழந்தை மூச்சு விடுகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பது போல. சரி, நடந்தது. ஆனால் கிட்ஹப்பிலும் ஒரு விதி உண்டு: பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த மாற்றமும் இல்லையென்றால் நேரம் வைத்து ஓடும் நிரலை நிறுத்திவிடுவார்கள். ஏப்ரலில் அது நின்றது. அது நின்றதும் இது தூங்கியது. தட்டுபவனைத் தட்ட ஒருவன், அவனைத் தட்ட இன்னொருவன் என்று அடுக்கிக்கொண்டே போக மருமகன் தயார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு இந்தத் தட்டும் வேலையில் கொஞ்சம் கூச்சமும் இருந்தது. யாரும் பயன்படுத்தாததை மூடி வைப்பது அவர்கள் உரிமை. ஆள் இருப்பது போல் காட்டி விளக்கெரிய வைப்பது என்ன நியாயம்? ஹெரோக்கு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன நிரல்களை இணையத்தில் ஓட்டித் தந்த சேவை அது. பொழுதுபோக்காகக் கோட் எழுதுபவர்களின் தாய்வீடாக இருந்த அந்தச் சேவை, 2022 ஆகஸ்டில் அறிவித்து நவம்பர் 28 முதல் இலவசத்தை மூடியது. அவர்கள் சொன்ன காரணம் இலவசத் திட்டத்தில் நடந்த மோசடியும் துஷ்பிரயோகமும், அதைச் சமாளிக்கவே தங்கள் ஆட்களின் உழைப்பு போய்விடுகிறது என்பது. அது முழுக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது, சும்மா கொடுத்து ஆள் சேர்க்கும் காலம் முடிந்துகொண்டிருந்தது. 2024 ஏப்ரலில் பிளானட்ஸ்கேல் என்ற தரவுத்தளச் சேவை, 2025 ஜூலையில் கிளிட்ச் என்ற தளம் என்று வரிசையாகக் கதவு சாத்தினார்கள். ஆனாலும் எங்கள் தட்டும் நிரலைப் போல லட்சம் நிரல் இருந்தால் எந்தக் கடைக்காரருக்கும் கை வலிக்கும்.

கார்டு

“மாமா, பேசாம கார்டைப் போடுங்க. நமக்கு மாசம் அம்பது ரூபாகூட வராது” என்றான் மருமகன். அவன் கணக்கு சரி. ஆனால் நான் பல மாதம் மறுத்துக்கொண்டே இருந்தேன். ஏன் என்று அப்போது எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கஞ்சத்தனம் ஒரு பங்கு, இல்லையென்று சொல்லவில்லை. பச்சை இலை கிலோ 20 ரூபாயைத் தொடாத மாதங்களைக் கணக்குப் புத்தகத்தில் தினமும் பார்ப்பவன் நான். மாதம் 10 டாலர் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் என் மனம் தானாக 40 கிலோ இலை என்று மொழிபெயர்க்கும். மனைவியிடம் சொன்னபோது, “மழை பெய்யுதான்னு பார்க்க வீட்ல ஜன்னல் இல்லையா?” என்றாள். பதில் இல்லை.

தொல்லை இன்னொரு பங்கு. என்னிடம் இருப்பது ரூபே டெபிட் கார்டு, வெளிநாட்டுச் சேவைகள் பல அதை ஏற்பதில்லை. 2020இல் வந்த விதிப்படி வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும், நாமாகத் திறக்க வேண்டும். 2021 அக்டோபர் முதல் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தொகைக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் சரிபார்ப்பு வைத்தது, பிடிக்கும் முன் 24 மணி நேர அறிவிப்பும் உண்டு. அந்தச் சமயத்தில் பலருடைய வெளிநாட்டுச் சந்தாக்கள் பாதியில் நின்றன. இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம்.

ஆனால் உண்மையான காரணம் மருமகன் ஒரு நாள் காட்டிய செய்தியில் இருந்தது. 2024 பிப்ரவரி. வலைத்தளங்களை வைக்க இடம் தரும் நெட்லிஃபையில் இலவசமாக ஒரு சின்னத் தளம் வைத்திருந்தவருக்கு 1,04,500 டாலர் பில் வந்திருந்தது. அன்றைய மதிப்பில் 86 லட்சம் ரூபாய். தளத்தில் கிடந்த ஒரு பழைய பாட்டுக் கோப்பை யாரோ திட்டமிட்டுத் திரும்பத் திரும்ப இறக்கியிருக்கிறார்கள், ஏறத்தாழ 190 டெராபைட். முதலில் தள்ளுபடி பேசினார்கள். விஷயம் இணையத்தில் பரவிய பிறகு நிறுவனத் தலைவரே தலையிட்டு முழுவதையும் ரத்து செய்தார். நல்லது. ஆனால் பரவாமல் போன பில்கள்?

“எனக்கு 50 ரூபாயில் பயமில்லைடா. 50 ரூபாய்க்கு மேல போகாதுன்னு யாரும் எழுதித் தர மாட்டேங்கிறாங்களே” என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெளிந்தது. இலவசத் திட்டத்தில் தாழ்ப்பாள் இருக்கிறது, முகத்தில் அடித்தாலும் அது நிற்கும். கார்டு போட்ட திட்டத்தில் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுகிறார்கள். இத்தனை ரூபாய் தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி வைக்கலாம், ஆனால் மின்னஞ்சல் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். வங்கி மாண்டேட்டில் (தானாகப் பிடிக்க நாம் கொடுக்கும் அனுமதியில்) உச்ச அளவு நாமே எழுதலாமே என்றான் மருமகன். எழுதலாம். அது பிடித்தத்தைத்தான் தடுக்கும். பில் பில்லாகவே நிற்கும்.

கம்பெனிக்கு இது பொருந்தும். அவர்களுக்குக் கூட்டம் வந்தால் வருமானமும் வரும், கடை மூடினால்தான் நஷ்டம். எங்களுக்குக் கூட்டம் வருவது மழை கொட்டும் இரவில், வருமானம் எந்த இரவிலும் கிடையாது. சம்பளத்திலிருந்து செலவழிப்பவனுக்கு வேண்டியது போன் ரீசார்ஜ் மாதிரி ஒன்று: போட்ட காசு தீர்ந்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இலவசத்துக்கும் அளவில்லாத மீட்டருக்கும் நடுவில் அந்தப் படி பல இடங்களில் இல்லவே இல்லை. வீட்டுத் திண்ணையிலிருந்து தெருவில் இறங்க ஒரு கல்லாவது போட்டிருக்க வேண்டாமா?

ஆளுக்கு 300

கடைசியில் இரண்டாகப் பிரித்தோம். பார்க்கும் பக்கம் முன்கூட்டியே கட்டி வைத்த வெறும் கோப்பு, 9 கிலோபைட். அதை ஓர் இலவச இடத்தில்தான் வைத்திருக்கிறோம். நாளைக்கு அவர்கள் மூடினாலும் ஒரு ராத்திரியில் வேறு இடத்துக்குத் தூக்கிப் போகலாம், கார்டும் கொடுக்கவில்லை. கணக்கை வாங்கி அந்தக் கோப்பைக் கட்டும் வேலைக்கு மட்டும் உள்நாட்டில் ஒரு சின்ன வாடகை சர்வர்: மாதம் 250, ஒரு வருடக் காசை யூபிஐயில் முன்பணமாகக் கட்டினேன். காசு தீர்ந்தால் நின்றுவிடும், பில் வராது. டொமைன் பெயருக்கு வருடம் 800. ஆக 3,800 ரூபாய். 14 பேர், ஆளுக்கு 300 என்றால் 4,200. மிச்சம் 400க்கு இரண்டு பிளாஸ்டிக் மானியின் விரிசலை அடைக்கலாம் என்று திட்டம்.

காசு கேட்டது பக்கத்தைவிட ஆட்களைத்தான் அதிகம் மாற்றியது. அந்த ஜனவரியில் 0 எழுதாதவர்கள் அடுத்த ஜனவரியில் தவறாமல் 0 எழுதி அனுப்பினார்கள். பக்கம் ஐந்து நிமிடம் நின்றால் போன் வந்தது. “என்ன தம்பி, காசு குடுத்திருக்கோமே?” நான் பெரிய நிறுவனங்களிடம் ஒருநாளும் கேட்டிராத கேள்வி.

ஒருவர் மட்டும் நின்றுவிட்டார், ரைட்டர் ஐயா. குழுவில் காசு விஷயம் எழுதிய மறுநாளிலிருந்து அவர் கணக்கு வரவில்லை. கேட்டும் பதில் இல்லை. பத்து நாள் கழித்து நேரில் போனேன். செம்பு மானியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்காமலேயே சொன்னார்: “நாப்பது வருஷமா நான் மழை எழுதறேன் தம்பி. நான் குடுக்கிறதும் மழை. அதுக்கு மேல முன்னூறு ரூபாயும் நான்தான் குடுக்கணுமா?”

“பணம் பெரிசில்லைங்க ஐயா, ஒரு ஒழுங்குக்காக...” என்று ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே கேட்டது. இத்தனை நாள் விலைப்பட்டியல்களில் எந்தத் தொனியைப் பார்த்துக் கோபப்பட்டேனோ அதே தொனி.

அவர் கைநீட்டிக் காட்டிய பலகையில் அந்தப் பத்து நாள் கணக்கும் ஒரு நாள் விடாமல் இருந்தது, அங்குலத்தில். எனக்கு அனுப்பவில்லையே தவிர அளக்காமல் இல்லை.

அன்றிரவே குழுவில் எழுதினேன்: அளந்து தருபவர்களுக்குக் கட்டாயம் இல்லை, முடிந்தவர்கள் போடலாம். எட்டுப் பேர் 300க்குப் பதில் 500 போட்டார்கள், 4,000 ஆனது. செலவு 3,800. இரண்டு பேர் ஒன்றும் போடவில்லை, யார் என்று குழுவில் சொல்லவில்லை. மற்றவர்கள் எப்போதாவது 100, 150 என்று அனுப்புகிறார்கள், ஒருவர் அரைக் கிலோ பூண்டு கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை 8.34க்கு ரைட்டர் ஐயாவிடமிருந்து செய்தி வந்தது. “1.15”. கீழே இன்னொரு வரி: “புள்ளி வச்சிருக்கேன், பாத்துக்கோ.”